மண்ணைக் கெடுத்தவன் மறைந்திருக்க, விதைமீது வழக்கா?

ஒரு வழக்கைக் கற்பனை செய்வோம். ஒருவன் அயலவனுடைய கிணற்றிலே நஞ்சைக் கொட்டினான். அந்நீரைக் குடித்த குடும்பம் நோயிலே வீழ்ந்தது. வழக்கு விளக்கத்துக்கு வந்த நாளன்று எதிரியின் சட்டத்தரணி எழுந்து நின்று, "கனம் நீதிபதி அவர்களே! நஞ்சை உள்ளே விடாது நீரை மட்டும் அள்ளும் புதுமையான வாளியொன்றை விஞ்ஞானிகள் செய்துவிட்டார்கள். இனி எவர்க்கும் தீங்கில்லை. ஆதலால் எனது கட்சிக்காரரை விடுதலை செய்க" என்று விண்ணப்பிக்கின்றார். இவ்வாதத்தைக் கேட்டு நகையாத நீதிபதி இருப்பாரா? வாளியைச் செய்தவனுக்குப் பரிசு கொடுக்கலாம். நஞ்சைக் கொட்டியவனுக்கு விடுதலை கொடுக்க எந்தச் சட்டத்திலே இடமுண்டு?

ஆயினும் நெல்வயலின் விடயத்திலே இதே வாதம் இன்று மிக்க மதிப்போடு பேசப்படுகின்றது. பார உலோகம் ஏறாத நெல் பிறந்துவிட்டது, இனி மண்ணைப் பற்றிய கவலை எதற்கு என்கின்றனர் ஒரு சாரார். அந்நெல்லே நஞ்சு, அதை வயலில் விடாதீர் என்கின்றனர் மறு சாரார். இரு சாராரும் விதையைச் சுற்றி நின்று வாதாடுகின்றனர். மண்ணைக் கெடுத்தவனோ நீதிமன்ற வாயிலைக் கடந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். இந்த அநியாயத்தைப் பற்றியே இன்று நாம் எழுதுகின்றோம்.

யப்பானின் வடபால் உள்ள அகித்தா மாகாணம் நெல்லுக்குப் பெயர்பெற்றது. தாதுச் சுரங்கங்களுக்கும் பெயர்பெற்றிருந்தது. சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் அங்குள்ள பெருஞ் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அவை வயலுக்குள் விட்டுச் சென்ற கட்மியம் மூடப்படவில்லை. அது மண்ணிலே கிடக்கின்றது. 2025 ஆம் ஆண்டு முதல் அம்மாகாண ஆட்சியினர் தாம் வழங்கிவந்த 'அகித்தாகொமாச்சி' விதைநெல்லுக்குப் பதிலாகக் கட்மியத்தை ஏற்காத 'அகித்தாகொமாச்சி ஆர்' என்னும் புதிய விதையை மாகாணம் முழுவதற்கும் வழங்கத் தொடங்கினர். இது நன்மையா தீமையா என்று அந்நாட்டிலே பெரும் வாதம் எழுந்தது. அவ்வாதத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் முதலிலே குற்றத்தை அறிதல் வேண்டும். குற்றத்தை அறியாது தீர்வைப் பற்றிப் பேசுவது, வழக்கேட்டைத் திறவாமலே தீர்ப்பெழுதுவதை ஒக்கும்.

குற்றம்

யப்பானின் தொயாமா மாகாணத்தினூடாகக் கடலுக்குச் செல்வது ஜின்சூ ஆறு. அதன் மேற்புறத்தே, கிபு மாகாண மலைகளில், மிற்சூயிக் கம்பனிக்குச் சொந்தமான கமியோக்காச் சுரங்கம் இருந்தது. அங்கு தோண்டப்பட்டது நாகம் எனப்படும் துத்தநாகத்தின் தாது. நாகத்தின் தாதுவோடு கட்மியமும் கலந்தே கிடக்கும். கம்பனி நாகத்தைத் தான் எடுத்துக்கொண்டது, நஞ்சை ஆற்றுக்கு விட்டது. ஆற்றுநீர் வாய்க்காலுக்கு வந்தது. வாய்க்கால் நீர் வயலுக்கு வந்தது. வயலிலிருந்து நெல்லுக்கும், நெல்லிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து பெண்களின் எலும்புக்கும் அது வந்து சேர்ந்தது.

ஆம், பெண்களின் எலும்புக்கு. நோயுற்றோரிற் பெரும்பாலார் பிள்ளைகள் பலரைப் பெற்று நடுவயதைக் கடந்த கமக்காரப் பெண்கள். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்க, சிறுநீரகம் எலும்புக்குரிய சத்துக்களைக் காக்கமாட்டாது வெளியே விட்டது. எலும்பு மென்மையாகிச் சிறு அசைவிலும் முறிந்தது. அவர்கள் இரவு பகலாக அரற்றிய சொல்லே நோயின் பெயராயிற்று. 'இதாய் இதாய்' என்றால் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது பொருள். உலக மருத்துவ நூல்களிலே நோயாளியின் ஓலமே பெயராக நிலைத்த நோய் இது.

ஹகினோ நொபோரு என்னும் உள்ளூர் வைத்தியர் 1957 இலே சுரங்கத்தைச் சுட்டி விரல் நீட்டினார். பலர் அவரை ஏளனஞ் செய்தனர். கட்மியமே காரணம் என்பது 1961 இலே வெளியிடப்பட்டது. அதன் பின்னும் அரசு வாய் திறக்க ஏழு ஆண்டுகள் சென்றன. 1968 மார்ச்சிலே மக்கள் வழக்கிட்டனர். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளஞ் சட்டத்தரணிகள் திரண்டு வந்து அவர்கள் பக்கம் நின்றனர். வழக்கிட்ட இரண்டு மாதத்துள், அதே ஆண்டு மே மாதத்திலே, சுகாதார அமைச்சு உண்மையை ஒப்புக்கொண்டது. மக்கள் நீதிமன்ற வாயிலை அடைந்த பின்னரே அமைச்சின் வாயில் திறந்தது என்பதை வாசகர் கவனிக்க.

கம்பனியின் எதிர்வாதம் யாது? கட்மியம் உடலுக்குள் எவ்வழியிற் சென்று எவ்வாறு இந்நோயை விளைக்கின்றது என்பதை ஒவ்வொரு படியாக எண்பித்துக் காட்டுக என்றது. 1971 ஜூன் 30 ஆம் திகதி தொயாமா மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோய் பரவிய இடமும் காலமும் ஆற்றோடும் சுரங்கத்தோடும் பொருந்தி நிற்கையில் அதுவே போதிய சான்று என்றது. யப்பானின் சுரங்கச் சட்டம் 109 ஆம் பிரிவு, சுரங்கத்தால் விளைந்த தீங்குக்குக் கவனயீனத்தை எண்பிக்கத் தேவையில்லை என்று விதித்திருந்தமை மக்களுக்குக் கைகொடுத்தது. 1972 ஓகத்து 9 ஆம் திகதி கம்பனியின் மேன்முறையீடும் தள்ளப்பட்டது.

அத்தீர்ப்பின் பயன் நட்டஈட்டோடு நின்றுவிடவில்லை. வயலைத் திருத்திக் கொடுப்பதாகக் கம்பனி எழுதிக் கையொப்பமிட்டது. மக்கள் தாம் விரும்பும் நிபுணரோடு சுரங்கத்துக்குட் சென்று சோதிக்கலாம், அதன் செலவு கம்பனியைச் சாரும் என்றும் ஒப்பந்தம் ஆயிற்று. ஆற்றுநீரிற் கட்மியம் படிப்படியாகக் குறைந்து இயற்கை அளவை அடைந்தது. 1979 முதல் 2012 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 860 ஹெக்டேயர் வயலிலே நஞ்சுமண்ணைப் புதைத்து நன்மண்ணை மேலே பரப்பினர். செலவிலே கம்பனியும் ஒரு பங்கைச் சுமந்தது. மண்ணைத் திருத்துதல் முடியாத காரியம் என்போர் ஜின்சூ ஆற்றங்கரைக்குச் சென்று பார்ப்பாராக.

விதையின் இரகசியம்

இனி விஞ்ஞானிகள் கண்டதைக் கூறுவோம். இங்கே நாம் விஞ்ஞானிகளுக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல வரவில்லை. அவர்கள் செய்தது அருஞ்செயல்.

நெற்பயிருக்குக் கட்மியம் எட்டுணையும் தேவையில்லை. பின்னர் ஏன் அது அதனை உண்கின்றது? நெல்லின் வேரிலே மங்கனீசு என்னும் சத்தை உள்ளே எடுப்பதற்கு ஒரு வாயில் உண்டு. கட்மியம் மங்கனீசைப் போல வேடமிட்டு அதே வாயிலால் நுழைந்துவிடுகின்றது. அவ்வாயிலை ஆக்கும் பரம்பரையலகுக்கு 'நிராம்ப் 5' என்று பெயர். அதன் தொழிலை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2012 இலே தெளிவாக்கினர். அதே ஆண்டிலே வேறொரு குழுவினர், 'கோசிஹிக்காரி' என்னும் புகழ்பெற்ற நெல்லின் விதைமீது காபன் அயன் கற்றையைச் செலுத்தி, அதன் வழித்தோன்றல்களை ஆயிரக்கணக்கிற் சோதித்து, மணியிலே கட்மியம் அநேகமாக ஏறாத மூன்று செடிகளைத் தெரிந்தெடுத்ததை வெளியிட்டனர். மூன்றிலும் பழுதுபட்டிருந்தது நிராம்ப் 5 என்னும் அந்த ஒரே பரம்பரையலகு. வாயில் அடைபட, கள்வனும் நின்றான். அகித்தாவின் புதிய விதை இச்செடிகளின் வழியில் வந்தது.

இது ஒரு வாயில் மட்டுமே. உள்ளே ஒரு சிறைச்சாலையும் உண்டு. வேரின் கலங்களுக்குள் இருக்கும் புன்வெற்றிடம் என்னும் சிற்றறைக்குள்ளே கட்மியத்தைத் தள்ளிப் பூட்டும் காவலன் 'எச்.எம்.ஏ. 3' என்னும் பரம்பரையலகு. இது 2010 இலே விளக்கப்பட்டது. இக்காவலன் பழுதுபட்ட நெல்லினங்களிலே கட்மியம் தடையின்றித் தண்டேறி மணியை அடைகின்றது. கோதுமையின் கதையும் இதுவே. கனடாவிலே பயிராகும் வன்கோதுமையிற் கட்மியம் ஏறுவதையும் தணிவதையும் பெரும்பாலும் ஒரே பரம்பரையலகு தீர்மானிக்கின்றது. அதன் உண்மை உருவம் 2019 இலே வெளிப்பட்டபோது அதுவும் எச்.எம்.ஏ. 3 குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அதற்கு முன்னரே கனடாவின் பயிர் விருத்தியாளர், சாதாரண இனக்கலப்பினாலேயே கட்மியம் குறைந்த வன்கோதுமையை வயலுக்குக் கொண்டுவந்துவிட்டனர்.

நமக்கு அண்மையிலுள்ள செய்தியும் ஒன்றுண்டு. கேரளக் கரையோரத்து உவர்நீர் வயல்களிலே காலங்காலமாக விளைவது 'பொக்காளி' என்னும் நெல். அதிலே நிராம்ப் 5 இயற்கையாகவே இரட்டித்து நிற்கின்றது. அதனாற் கட்மியம் வேரோடு தங்கி, மணிக்குச் செல்வது குறைகின்றது என்று 2022 இலே வெளியிட்டனர். அதே பண்பை இனக்கலப்பினால் யப்பானிய நெல்லுக்கு மாற்றியபோது விளைச்சலும் சுவையும் கெடவில்லை. எழுத்தறியாத ஏழைக் கமக்காரன் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விதையினுள்ளே, உலகம் தேடிய மருந்து ஒன்று உறங்கிக் கிடந்தது.

முதலாம் சாராருக்கு

இவ்விதையைக் கண்டு அஞ்சுவோருக்கு முதலிலே ஒரு வார்த்தை. கதிர் பட்ட நெல் என்று கேட்டதும் சோறு கதிர்வீசும் என்று அஞ்சுதல் அறியாமை. கதிர் பட்டது பல தலைமுறைக்கு முன் ஒரு தாய் விதைமீது. இன்று விளையும் மணியிலே அக்கதிரின் சுவடும் இராது. கட்மியமோ ஐயமில்லாத நஞ்சு. ஒருமுறை சிறுநீரகத்தை அடைந்தால் அதிற் பாதி நீங்குவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் செல்லும். ஐயத்துக்கு அஞ்சி உறுதியான நஞ்சை உண்பது அறிவுடைமை ஆகாது.

இன்னுமொரு நன்மையும் உண்டு. வயலில் நீரைத் தேக்கி வைத்தாற் கட்மியம் மண்ணோடு இறுகிப் பயிரை அடையாது. ஆனால் அதே தேங்கு நீரிலே ஆசனிக்கு என்னும் மற்றொரு நஞ்சு கரைந்து பயிரேறும். நீரை வடித்தால் ஆசனிக்கு அடங்கும், கட்மியம் எழும். ஒரு கதவைச் சாத்த மறு கதவு திறக்கும் இத்தொல்லையிலே கமக்காரன் தவித்தான். கட்மியத்தை ஏற்காத விதை கையிலிருந்தால் அவன் அச்சமின்றி நீரை வடித்து ஆசனிக்கையும் அடக்கலாம். ஆகவே இவ்விதையை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும் அஞ்சுவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று நியாயமானது. புதிய விதையின் அரிசியும் பழைய 'அகித்தாகொமாச்சி' என்னும் பெயராலேயே விற்கப்படலாம் என்று ஏற்பாடு செய்தனர். நல்ல பொருளாயின் அதன் முழுப்பெயரைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? உண்பவனுக்குத் தான் உண்பது இன்னதென்று அறியும் உரிமை உண்டு. மறைத்துச் செய்த நன்மையும் ஐயத்தையே வளர்க்கும்.

இரண்டாம் சாராருக்கு

இனி நமது உண்மையான எதிரியிடம் வருவோம். விதை திருந்திவிட்டது, மண் எப்படிப் போனால் என்ன என்று வாதிடுவோர் பின்வரும் கேள்விகளுக்கு விடை கூறட்டும்.

முதலாவது, விதை கட்மியத்தை உண்ண மறுத்தால் அந்தக் கட்மியம் எங்கே போகும்? எங்கும் போகாது, மண்ணிலேயே கிடக்கும். அதே வயலிலே அடுத்த போகத்துக்குச் சோயாவோ கோதுமையோ விதைத்தால் அப்பயிர் அதனை உண்ணும். நெல்லின் வாயிலை அடைத்த பூட்டு சோயாவின் வாயிலை அடையாது.

இரண்டாவது, வாயிலை அடைத்தபோது கள்வனோடு உரிமைக்காரனும் வெளியே நிற்கின்றான். மங்கனீசும் அவ்வாயிலால் வருவதே. ஆதலின் மங்கனீசு குறைந்த மண்ணிலே இவ்விதையின் பயிருக்கு இலைப்புள்ளி நோய் எளிதிற் பற்றுகின்றது. அதற்குப் பசளையிட்டுப் பாதுகாக்கும் பாரம் யாருடைய தலையில்? சுரங்கக்காரனின் தலையிலா, கமக்காரனின் தலையிலா?

மூன்றாவது, எல்லா நஞ்சுக்கும் இவ்வாறு பூட்டுப் போட இயலுமா? ஆசனிக்கு நெல்லுக்குள் நுழைவது சிலிக்கன் என்னும் சத்தின் வழியாக என்பது 2008 இலேயே தெரிந்தது. சிலிக்கனின்றி நெல் நிமிர்ந்து நிற்காது, நோயைத் தாங்காது. அவ்வாயிலை அடைத்தாற் பயிரே நலியும். வங்காளத்திலும் பங்களாதேசத்திலும் ஆசனிக்கு நீர் பாய்ந்த வயல்களின் மக்களுக்கு, 'பொறுங்கள், பரம்பரையலகு வரும்' என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்வது?

நான்காவது, சீன தேசத்தின் பாடத்தைப் பார்ப்போம். 2013 மே மாதத்திலே குவாங்சோ நகரத்து அதிகாரிகள் 18 அரிசி மாதிரிகளைச் சோதித்ததில் 8 மாதிரிகளிற் கட்மியம் வரம்பை மீறியிருந்ததாக அறிவித்தனர். 2014 இலே வெளியான தேசிய மண் ஆய்வு, மண் மாதிரிகளுள் நூற்றுக்கு 16.1 பங்கு மாசுற்றன என்றும், கட்மியத்தால் மட்டும் நூற்றுக்கு 7 பங்கு என்றும் கூறிற்று. 2017 இலே கலப்பு நெல்லின் தந்தையாகிய யுவான் லொங்பிங் கட்மியம் குறைந்த நெல் கிடைத்ததாக அறிவித்தார். நாடே மகிழ்ந்தது. மகிழ்ச்சி நியாயமே. ஆனால் அந்த நெல்லினால் ஒரு பிடி மண்ணாவது தூய்மையடைந்ததா?

இன்னொன்றும் சொல்வோம். பரம்பரையலகின் அறிவைக் கொண்டே மண்ணையும் தூய்மைப்படுத்தலாம். காவலன் பழுதுபட்டு, கட்மியத்தை அள்ளி உண்ணும் 'சோகோக்கோக்கு' என்னும் நெல்லை, உண்பதற்காக அன்றி நஞ்சை உறிஞ்சுவதற்காகவே யப்பானிலே வயலில் இட்டுப் பார்த்தனர். 2009 இலே வெளியான முடிவின்படி இரண்டே ஆண்டிலே மண்ணின் கட்மியம் நூற்றுக்கு 38 பங்கு குறைந்தது. வழி உண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டும் கமக்காரனுக்கு விளைச்சல் இல்லை, வருவாய் இல்லை. அவ்விழப்பை ஈடுசெய்வது யார் என்று கேட்டவுடனே அவையெல்லாம் மௌனம் அடைகின்றது. ஒரு விதைக்கு ஆரவாரமும் மற்றதற்கு மௌனமும் ஏன்? ஏற்காத விதையின் செலவு கமக்காரனுடையது, உறிஞ்சும் விதையின் செலவு மாசுபடுத்தியவனுடையது ஆகிவிடும் என்பதனாலன்றோ?

சோறுண்பவனின் கணக்கு

அரிசியிலே கட்மியம் வரம்புக்குள் உள்ளது, ஆதலாற் பயமில்லை என்று அதிகாரிகள் கூறுவதுண்டு. அவ்வரம்பைச் சற்றே குறுக்கு விசாரணை செய்வோம்.

யப்பான் 1970 இலே வகுத்த வரம்பு ஒரு கிலோகிராம் அரிசிக்கு 1 மில்லிகிராம். சர்வதேச உணவு நியமம் 2006 இலே தீட்டிய அரிசிக்கு 0.4 மில்லிகிராம் என்று விதித்தது. யப்பானும் பின்னர் 0.4 க்கு இறங்கியது. சீனத்தின் வரம்பு 0.2. ஐக்கிய நாடுகளின் உணவு, சுகாதார நிறுவனங்களின் நிபுணர் குழு 2010 இலே கூறியதோ, உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு மாதம் 25 மைக்குரோகிராம் கட்மியத்துக்கு மேல் உட்செல்லல் ஆகாது என்பது.

ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள ஒரு தாயை எடுப்போம். அவள் உடல் தாங்கக்கூடியது மாதம் 1.25 மில்லிகிராம். அவள் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்டால் மாதம் 9 கிலோகிராம் ஆகும். அவ்வரிசி சர்வதேச வரம்பைத் தொட்டு நிற்குமாயின் அவள் உட்கொள்வது 3.6 மில்லிகிராம். தாங்கக்கூடியதன் ஏறத்தாழ மூன்று மடங்கு! சீனத்தின் வரம்பைத் தொட்டாலும் 1.8. இது சோற்றின் கணக்கு மட்டுமே, கீரையும் மீனும் இதிற் சேரவில்லை. எல்லா அரிசியும் வரம்பைத் தொட்டு நிற்பதில்லை என்பது உண்மை. எனினும் வாரத்தில் ஒருநாள் அரிசி உண்பவனுக்கும் மூவேளை சோறுண்பவளுக்கும் ஒரே வரம்பு எவ்வாறு நீதியாகும்? இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த உடல் கட்மியத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதும் கண்ட உண்மை. ஏழைத் தாயே மீண்டும் முதலிற் பலியாவாள். ஜின்சூக் கரையிலும் அவளே பலியானாள்.

நமது நாட்டின் கணக்கு

இதையெல்லாம் நாம் ஏன் எழுதுகின்றோம்? நாமும் சோறுண்பவர்கள் என்பதனால்.

வட மத்திய மாகாணத்திலே 1990 களிலிருந்து கமக்காரரைக் கொல்லும் சிறுநீரக நோயின் காரணம் இன்றுவரை முற்றாக எண்பிக்கப்படவில்லை. கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, நீரின் வன்மை, களைநாசினி, கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் என ஒவ்வொன்றும் கூண்டிலே ஏற்றப்பட்டது. ஒன்றும் தண்டிக்கப்படவில்லை, ஒன்றும் விடுவிக்கப்படவும் இல்லை. கட்மியமே கொன்றது என்று நாமும் கூறோம். சான்றின்றிக் குற்றஞ் சாட்டுதல் நமது தொழிலுக்கு இழுக்கு. ஆனால் சான்றைத் தேட வேண்டியவர்கள் செய்தது என்ன? 2021 மே மாதத்திலே, மக்களின் சுகநலத்தைக் காரணங்காட்டி, இரசாயனப் பசளை முழுவதையும் ஒரே கையெழுத்தால் தடுத்தனர். எந்தப் பசளையில் எவ்வளவு நஞ்சு என்று கமக்காரனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரன் அழுதான், நவம்பரிலே தடையை எடுத்தனர். நஞ்சு அற்ற பசளைக்கும் நஞ்சு உள்ள பசளைக்கும் ஒரே தண்டனை, ஆறு மாதத்தின் பின் இரண்டுக்கும் ஒரே விடுதலை! சோதியாது தடுப்பதும் சோதியாது விடுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

பொசுபேற்றுப் பசளையோடு கட்மியமும் கலந்து வரும் என்பது உலகறிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரம்பு விதித்து 2022 முதல் நடைமுறைப்படுத்துகின்றது. நமது துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலின் பசளையையும் சோதித்து முடிவை மக்கள் அறிய வெளியிடுவதற்கு என்ன தடை?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லற்க. சுன்னாகத்திலே மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கிலே, 2019 ஏப்பிரலில் நமது உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவனே செலவைச் சுமக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை ஏற்று, இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. கிணற்றுக்கு உண்டான நீதி வயலுக்கு இல்லையா?

நாம் கேட்பவை இவை. இறக்குமதியாகும் பசளை ஒவ்வொன்றின் பார உலோகச் சோதனை முடிவும் மும்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். மாவட்டந்தோறும் மண்ணும் நீரும் அரிசியும் சோதிக்கப்பட்டு, தன் வயலின் முடிவு கமக்காரனுக்குத் தன் தாய்மொழியிலே தரப்பட வேண்டும். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தான் ஆக்கிய நெல்லினங்களையும், மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நமது பழைய நெல்லினங்களையும், எவ்வினம் எவ்வளவு உலோகத்தை ஏற்கின்றது என்று சோதித்துக் கூற வேண்டும். பொக்காளியிலே கிடைத்த மருந்து நமது குடிசைகளின் விதைப்பானையிலும் இருக்கக்கூடும். மண்ணைக் கெடுப்பவன் கவனயீனமாக இருந்தான் என்று ஏழை எண்பிக்கத் தேவையில்லாத சட்டம், யப்பானியச் சுரங்கச் சட்டத்தைப் போல, இங்கும் இயற்றப்பட வேண்டும். கட்மியம் ஏற்காத விதை இங்கு வருமாயின், அது பொதுச்சொத்தாக வர வேண்டும். பதிவுபெற்ற இனத்தின் விதையைத் தன் வயலில் மீண்டும் பெருக்கவும் உரிமையாளனின் அனுமதி பெற வேண்டும் என்று யப்பான் 2022 முதல் விதித்திருப்பது போன்ற விலங்கு நமது கமக்காரனுக்குப் பூட்டப்படலாகாது.

பரம்பரையலகின் கலையை நமது பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்று அழைக்கின்றன. அழகிய பெயர். விதை தன் முன்னோரிடமிருந்து பெறும் உரிமைகளை அக்கலை ஆராய்கின்றது. ஆனால் விதைக்கு மட்டுமா பிறப்புரிமை? நஞ்சற்ற மண்ணிலே உழுவது கமக்காரனின் பிறப்புரிமை. நஞ்சற்ற சோற்றை உண்பது அவன் பிள்ளையின் பிறப்புரிமை. இவற்றை எந்த ஆய்வுகூடமும் விதைக்குள் வைத்துத் தரமாட்டாது. இவை மன்றிலே வாதாடியும் மக்களாய்த் திரண்டும் பெறவேண்டியவை.

விதையை வாழ்த்துவோம். மண்ணின் வழக்கை மட்டும் வாபஸ் பெறோம்.